கண்ணின் அமுக்கமும் துளிமருந்தும்

வன்னியில் வாழ்வோருக்குக் குளத்தின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒட்டுசுட்டானை அடுத்துள்ள முத்தையன்கட்டுக் குளத்தை மாரிகாலத்தில் கண்டவர்கள், வரத்து மிகுந்து போக்குத் தடைப்படின் அணைக்கு யாது நேரும் என்பதை நன்கறிவர். நமது கண்ணும் ஒருவகையில் அத்தகைய குளமே.

கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீரொன்று இடையறாது சுரக்கின்றது. நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான இந்நீர், கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால்கள் வழியே சென்று குருதியிற் கலக்கின்றது. வடிகால் தடைப்படின் கண்ணுள் அமுக்கம் ஏறும். பெரும்பாலாரிடம் அது 10 முதல் 21 மில்லிமீற்றர் இரச அளவில் இருக்கும். பார்வை நரம்பு நலிந்து, ஓரப்பார்வை சிறிது சிறிதாக மறையும் நோயே குளுக்கோமா எனப்படுவது. அதன் பெருவகையில் வலியில்லை. ஆதலின் நோயாளி அதனை உணர்வதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் உடையோரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வகை நோயுடையோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அதுகாறும் தம் நோயை அறியாதிருந்தனர்.

துளிமருந்துகள் இருவழியிற் செயற்படுகின்றன. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிமொலோல், நீர் சுரப்பதைக் குறைக்கின்றது. அஃதாவது வரத்தைக் கட்டுப்படுத்துகின்றது. 1996இல் வந்த லற்றனோபுறொஸ்ற், நீர் வெளியேறும் பக்கவழியொன்றை அகலச்செய்கின்றது. அஃதாவது துருசைத் திறக்கின்றது. ஒவ்வொரு மில்லிமீற்றர் அமுக்கம் குறையுந்தோறும் நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் குறைவதைச் சுவீடன் நாட்டு ஆய்வொன்று 2003இல் காட்டிற்று.

எமதூர்க் கமக்காரப் பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், “ஐயா, ஒரு மாதம் மருந்து விட்டும் கண் தெளியவில்லையே, இதனால் என்ன பயன்?” என்று வினவினார். இழந்த பார்வையை இம்மருந்து மீட்காது, எஞ்சியதையே காக்கும் என்று எடுத்துரைத்தேன். அவர் கேளாது நிறுத்திவிட்டார். சில ஆண்டுகள் சென்றன. இன்று தாம் உழுத வயலின் வரம்பிலேயே பேரனின் கைபற்றி நடக்கின்றார்.

இனிக் குருதியோட்டத்தை நோக்குவோம். வாய்க்கால் நீரின் மட்டம் வயலின் மட்டத்தினும் உயர்ந்திருந்தாலன்றி நீர் வயலிற் பாயாது. குருதியமுக்கம் வாய்க்கால் நீரை ஒத்தது. கண்ணின் அமுக்கம் வயலின் மேட்டை ஒத்தது. துளிமருந்து மேட்டைத் தாழ்த்துவதால், பார்வை நரம்புக்குக் குருதி எளிதிற் செல்ல இடமுண்டாகின்றது. ஆயின் வாய்க்காலே வற்றினால் என் செய்வது? உறக்கத்திற் குருதியமுக்கம் இயல்பாகவே தாழும். ரிமொலோல் கண்ணீர்வழியாக மூக்கையடைந்து குருதியிற் கலந்து, நாடித்துடிப்பைத் தணிக்கவும் குருதியமுக்கத்தை மேலும் இறக்கவும் கூடும். தொய்வு நோயுடையோருக்கு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். டோர்சோலமைட் என்னும் மருந்து கண்ணின் குருதியோட்டத்தைப் பெருக்குவதாகச் சில ஆய்வுகள் கூறினும், அப்பெருக்கமே பார்வையைக் காக்கின்றது என்று நிறுவப்படவில்லை. அமுக்கத்தைக் குறைப்பதே இன்றுவரை உறுதிப்பட்ட வழியாகும்.

ஆதலின் மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கையடுத்த கண்மூலையை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்துக. மருந்து குருதியிற் கலப்பது அதனாற் குறையும். இருவகை மருந்தாயின் இடையில் ஐந்து நிமிடம் விடுக. தொய்வு, இருதய நோய், குருதியமுக்கத்துக்கு உட்கொள்ளும் மாத்திரை ஆகியவற்றைக் கண்வைத்தியரிடம் மறவாது கூறுக. எம்மருந்தையும் தாமாக நிறுத்தற்க. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், அவருடைய உடன்பிறந்தாரும் மக்களும் தம் கண்களைச் சோதிப்பித்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணைகோலுதல் வன்னி மக்களுக்குப் பழகிய தொழிலன்றோ?