கலர் கோழிக்குஞ்சு

போன மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒருத்தர் கூடை நிறைய கலர் கோழிக்குஞ்சு வைத்திருந்தார். பச்சை, ரோஸ், ஊதா. அக்கா பொண்ணு நகரவே மாட்டேன்னு நின்றாள். "மாமா, ரோஸ் ஒண்ணே ஒண்ணு." வாங்கித் தந்தேன். ராத்திரியெல்லாம் கத்தியது. பசின்னு நினைத்து நொய்யைப் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் அட்டைப்பெட்டியில் விறைத்துக் கிடந்தது.

அது எங்கிருந்து வந்ததுன்னு அப்புறம்தான் தேடிப் படித்தேன். இப்படி விற்பவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். பொரிவதில் பாதி சேவல். முட்டை போடாது, கறிக்கு வளர்த்தாலும் பிராய்லர் மாதிரி ஐந்தாறு வாரத்தில் எடை ஏறாது, தீவனக் காசுகூடத் தேறாது. அதனால் பல நாட்டு ஹேட்சரிகளில் முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி இதை 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது. நம்ம பக்கம் ஒரு பங்கு சாயத்தில் முங்கிக் கூடைக்கு வருகிறது.

பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே தாங்கும். கூடையில் துறுதுறுன்னு ஓடுவது அந்தத் தெம்பில்தான். அது தீர்வதற்குள் தின்னப் பழகியாக வேண்டும், சூடும் வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி அளவுக்கு, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தாய்க்கோழி இருந்தால் அதன் செட்டைக்குள் கிடைத்துவிடும். இல்லைன்னா குண்டு பல்பு. எங்கள் வீட்டில் எல்லாமே எல்இடி, சூடு வராது. ராத்திரி கத்தியது குளிரில்.

பச்சைக்கிளியை விற்றால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செல்லப்பிராணிக் கடைன்னா 2018 விதிகளின்படி பதிவு வேண்டும். பஸ் ஸ்டாண்ட் கூடையைப் போய் யார் கேட்கிறார்கள்?

அவரை மறுபடி பார்த்தபோது நான் கேட்டேன். "விக்கலன்னா இதுங்க அன்னிக்கே செத்திருக்கும் சார்" என்றார். பொய்யில்லை. அதே ஹேட்சரிகளில் பொரிந்த பெட்டைகள் போடும் முட்டையை நானும்தான் வாரம் ஒரு டஜன் வாங்குகிறேன். ஆனால் "சூடு வேணும், இல்லன்னா செத்துரும்"னு ஒரு வார்த்தை சொல்லாமல் குழந்தை கையில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள் என்பது வேறு.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதையெல்லாம் புலம்பினேன். "எங்கோழி அப்ப அடையிலதானேடா இருந்துச்சு! ராத்திரி இருட்டுல அடியில தள்ளி விட்டா சேத்துக்கும். பகல்ல விட்டாதான் கொத்தும்" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் கோழி இருந்தது.