கிரெடிட் யார் கணக்கில்?

ராத்திரி ஒன்பதரை வரை ஆபீஸில் உட்கார்ந்து, ஆறிப்போன கேன்டீன் போண்டாவைக் கடித்துக்கொண்டு, வருடாந்திர ஸ்டாக் ரிப்போர்ட்டை முடிக்கிறீர்கள். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் அதை எடுத்து நீட்டுகிறார். எம்.டி. எழுந்து கை கொடுக்கிறார். யாருக்கு? மேனேஜருக்கு! கடைசிப் பக்கத்தில்கூட உங்கள் பெயர் இல்லை.

வயிறு எரிகிறதா? ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வாருங்கள். இதே சமாசாரம் உலக லெவலில் நடந்த ஓர் இடத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். விசா வேண்டாம்.

இடத்தின் பெயர் வாலேசியா. தேசப்படத்தில் நாடாகத் தேடாதீர்கள், கிடைக்காது. பெரும்பாலும் இந்தோனேசியாவுக்குள் அடங்குகிற சுலவேசி, லொம்போக், ஃப்ளோரஸ், டெர்னாட்டே போன்ற தீவுகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பெயர் அது. வேறெங்கும் இல்லாத மிருகங்களும் பறவைகளும் இங்கே ஏராளம்.

வாலேசியா என்ற பெயருக்குக் காரணம் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் என்கிற ஆங்கிலேயர். பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டவர். சொத்து சுகம் கிடையாது. பூச்சி, பறவைகளைப் பிடித்துப் பாடம் பண்ணி லண்டனுக்கு அனுப்புவார். அங்கே ஓர் ஏஜென்ட் கமிஷன் எடுத்துக்கொண்டு விற்றுக் கொடுப்பார். அந்தக் காசில்தான் ஆராய்ச்சி. அமேசான் காட்டில் நாலு வருஷம் அலைந்து சேர்த்ததை ஏற்றிக்கொண்டு 1852-ல் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்துக்கொண்டது. பெரும்பகுதி சாம்பல்! நாமாக இருந்தால் ஊரில் ஒரு பெட்டிக்கடை வைத்திருப்போம். மனுஷர் 1854-ல் சிங்கப்பூரில் போய் இறங்கினார். எட்டு வருஷம், சுமார் 22,000 கிலோமீட்டர், 1,25,660 மாதிரிகள். அதில் வண்டுகள் மட்டும் 83,200. (எண்ணி எழுதியும் வைத்தார். நம்ம ஆடிட்டர்கள் கும்பிட வேண்டிய ஆசாமி.)

1856-ல் சுலவேசிக்கு நேராகப் போகக் கப்பல் கிடைக்கவில்லை. பாலி, லொம்போக் வழியாகச் சுற்றிப் போனார். அந்தச் சுற்றுதான் அதிர்ஷ்டம். பாலியில் பார்த்தது ஆசியாவின் மரங்கொத்தி, குக்குறுவான். குறுகலான ஒரு ஜலசந்தியைத் தாண்டி லொம்போக்கில் இறங்கினால், ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளி! எதிர்வீட்டுக்குப் போனால் பாஷையே மாறிவிட்டதுபோல.

காரணம் கடலுக்கடியில் இருக்கிறது. பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோது பாலி வரைக்கும் ஆசியாவோடு தரை வழியாகச் சேர்ந்திருந்தது. நியூகினி ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தது. நடுவிலுள்ள ஜலசந்திகள் மட்டும் ரொம்ப ஆழம், அப்போதும் வற்றவில்லை. அதனால் இரண்டு பக்கத்து ஜீவராசிகளில் பெரும்பாலானவை கடலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டன. அந்த எல்லைக்குத்தான் வாலஸ் கோடு என்று பெயர்.

1858 பிப்ரவரி. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த வாலஸுக்குத் திடீரென்று ஒரு பொறி தட்டியது. சூழ்நிலைக்குத் தோதான உயிர் பிழைக்கும், மற்றது அழியும், இப்படித்தான் இனங்கள் மாறுகின்றன! எழுதி, டெர்னாட்டே முகவரி போட்டு ஒருவருக்கு அனுப்பினார். யாருக்குத் தெரியுமா? சார்ல்ஸ் டார்வினுக்கு!

டார்வினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாக அதே யோசனையை அவர் மேஜைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் கூடிப் பேசி, 1858 ஜூலை 1-ம் தேதி லண்டன் லின்னேயன் சொசைட்டியில் இரண்டு பேர் எழுத்தையும் சேர்த்தே வாசித்தார்கள். வாலஸிடம் கேட்டார்களா? எங்கே கேட்பது, அவர் நியூகினியில் அல்லவா இருந்தார்! மறு வருஷம் டார்வின் புத்தகம் வந்தது. பெயரும் அவருக்கே போனது. வாலஸ் சண்டை போடவில்லை. தன் பயணப் புத்தகத்தை டார்வினுக்கே சமர்ப்பணம் செய்தார். 1889-ல் இன்னொரு புத்தகம் எழுதி அதற்கு 'டார்வினிசம்' என்றே தலைப்பும் வைத்தார். இப்படி ஒரு சப்-ஆர்டினேட் கிடைக்க எந்த மேனேஜருக்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஐயோ பாவம் வாலஸ் என்கிறீர்களா? பொறுங்கள், லெட்ஜரில் அடுத்த பக்கம் இருக்கிறது.

வாலஸிடம் அலி என்று ஒரு பையன் இருந்தான். சரவாக் ஊர் மலாய்ப் பையன், சுமார் பதினைந்து வயசு. சமையலுக்கு வந்தவன் துப்பாக்கி சுடவும், பறவைத் தோலை உரித்துப் பாடம் பண்ணவும் கற்றுக்கொண்டான். படகோட்டினான், ஐயா காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டான். 1858-ல் பச்சான் தீவில் ஒருநாள், தோளிலிருந்து நீண்ட வெள்ளை இறகுகள் தொங்கும் விநோதமான ஒரு பறவையோடு வந்து நின்றான். விஞ்ஞானம் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை. அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயர் 'செமியோப்டெரா வாலேசி'. சுட்டது அலி, பெயர் வாலஸ்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1997-ல் மார்க் எர்ட்மன் என்கிற அமெரிக்க உயிரியலாளர் புது மனைவியோடு சுலவேசியின் மனாடோ நகருக்கு ஹனிமூன் போனார். (ஹனிமூனில் மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போகும் புருஷன். அந்த அம்மா பொறுமைசாலி.) தள்ளுவண்டியில் ஒரு விசித்திர மீன். அதைப் பார்த்ததே அந்த அம்மாள் என்பார்கள். மீன் சீலகாந்த்! டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நினைத்திருந்த வம்சம். 1938-ல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு அகப்பட்டு உலகத்தையே அசத்தியது. ஆனால் இங்கே, பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

எர்ட்மன் போட்டோ மட்டும் எடுத்தார், மீனை வாங்கவில்லை. விஷயத்தின் கனம் பிற்பாடுதான் உறைத்தது. பிறகு மாதக்கணக்கில் மீனவர்களிடம் விசாரித்து அலைந்தார். 1998 ஜூலையில் சுறா வலையில் இன்னொன்று சிக்கியது. வலை போட்டவருக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. 'ராஜா லாவுட்', அதாவது கடல் ராஜா என்று அவர்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள். விஞ்ஞானம்தான் லேட்!

கிளைமாக்ஸ் இனிமேல். மீனை இந்தோனேசிய மியூசியத்திடம் ஒப்படைத்துவிட்டு எர்ட்மன் தரப்பு ஆற அமர ஆராய்ந்துகொண்டிருக்க, 1999-ல் பிரெஞ்சு, இந்தோனேசிய விஞ்ஞானிகள் முந்திக்கொண்டு 'லாட்டிமேரியா மெனடோயென்சிஸ்' என்று பெயரிட்டு அச்சேற்றிவிட்டார்கள். முதலில் விவரித்து வெளியிட்டவர் வைத்த பெயர்தான் செல்லும். அது விதி.

மீன், பறவை போகட்டும். மனுஷனையே ஆராய்ச்சி பண்ணினால்? சுலவேசி பக்கம் பஜாவ் என்று கடலோடிகள் இருக்கிறார்கள். மரச் சட்டம் போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல், மூச்சைப் பிடித்து ஆழத்தில் மீன் குத்துவார்கள். 2018-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது: பக்கத்து ஊர் சலுவான் மக்களைவிட பஜாவ் மக்களின் மண்ணீரல் சுமார் ஐம்பது சதவிகிதம் பெரிசு. முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் விடும். நம்ம வீட்டு மாடியில் ஸ்பேர் தண்ணீர் டாங்க் மாதிரி. முங்காத பஜாவ்களுக்கும் அப்படியே இருந்ததால், காரணம் பயிற்சி அல்ல, பரம்பரை!

உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. உள்நாட்டு விஞ்ஞானிகள் சிலர் மட்டும் கேட்டார்கள்: "அவங்க எச்சில் சாம்பிளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக இங்கே யாருகிட்டே அனுமதி வாங்கினீங்க?" அனுமதி வாங்கித்தான் செய்தோம் என்றார்கள் ஆய்வாளர்கள். சர்ச்சை நீண்டது.

கேள்வி நியாயமானதுதான். மூச்சுத் திணறும் நோயாளிக்கு அந்த மரபணுவிலிருந்து நாளைக்கு ஒரு மருந்து வந்தால், லாபத்தில் பஜாவ் மீனவருக்குப் பங்கு உண்டா? இதற்காகத்தானே 2010-ல் நகோயா ஒப்பந்தம் போட்டார்கள் என்பீர்கள். அது செடி, மிருகம், நுண்ணுயிர் சமாசாரம். மனித மரபணு அதில் வராது! காட்டு மூலிகைக்கு உள்ள பாதுகாப்பு கடலில் முங்குகிறவனுக்கு இல்லை. 2019-ல் இந்தோனேசியா தனிச் சட்டமே கொண்டுவந்து, வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குக் கடிவாளம் போட்டது. ரொம்பக் கெடுபிடி என்று முணுமுணுப்பும் உண்டு.

கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக நேராகிறது. 2024-ல் சுலவேசிக் குகை ஒன்றில், பன்றியும் மனித உருவங்களும் உள்ள ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 வயது என்று 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. முதல் பெயர் அதி அகுஸ் ஒக்டாவியானா. இந்தோனேசியர்!

சரி, அலி என்ன ஆனான்? 1862-ல் பிரியும்போது வாலஸ் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். தன் புத்தகங்களில் அவனைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தார். அந்த அளவுக்குப் பெரிய மனசு. 1907-ல் தாமஸ் பார்பர் என்கிற அமெரிக்க விஞ்ஞானி டெர்னாட்டே போனபோது, சுருங்கிப்போன ஒரு கிழவர் எதிரே வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாராம். சொன்ன பெயர், அலி வாலஸ்!

யாரும் கொடுக்காத கிரெடிட்டை அவரே தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டார். பி.காம். படித்த எனக்கு இதைவிட நேர்மையான என்ட்ரி தெரியவில்லை.

அதிருக்கட்டும். உங்கள் ஸ்டாக் ரிப்போர்ட்டுக்காக மூன்று நாள் கோடவுனில் தூசியில் நின்று மூட்டை எண்ணிக் கொடுத்தானே ஒரு பையன், அவன் பெயர் என்ன சார்?

எனக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் அப்படி ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன்.