மண்ணுக்குள் ஒரு நகரம் – 7: கடப்பாரைக்கு முன்னால்

1843 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற ஒரு பாறைக்கு வெடி வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரப் பாறை அது. அதன் முகத்தில் சுமார் ஐம்பது வரி எழுத்து இருந்தது. கோட்டைக்கும் படைத்தலைவரின் குடியிருப்புக்கும் இடம் தேவைப்பட்டது, பாறை போயிற்று. ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று திரும்பி வந்து இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அந்த ஒற்றைத் துண்டில் 'கேசரிவ' என்ற எழுத்துகள் தெரிவதாக 2019இல் ஆய்வாளர் ஐயன் சின்கிளேர் எழுதினார். சோழ மன்னர்கள் சூடிய பரகேசரிவர்மன் பட்டத்தின் பகுதியாக அது இருக்கலாம் என்பது அவர் கருத்து. சரிபார்க்க மற்ற வரிகள் வேண்டும். அவைதான் தூளாகிவிட்டனவே! சோழர் இத்தீவைத் தொட்டார்களா என்ற கேள்விக்கான சாட்சியையே நாம் இழந்திருக்கலாம்.

1928இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காக மண் தோண்டியபோது பழைய பொன் நகைகள் கிடைத்தன. பொன் என்பதால் பிழைத்தன. பானை ஓடாக இருந்திருந்தால் மண்ணோடு மண்ணாக அள்ளிக் கொட்டியிருப்பார்கள். ஆனால், ஒரு நகரத்தின் வரலாற்றைச் சொல்வது பெரும்பாலும் பானை ஓடுதான். 1984இல் அதே குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் முறையான அகழாய்வு நடந்தது. கிடைத்த சீனப் பீங்கானும் உள்ளூர் மட்பாண்டமும் கண்ணாடி மணிகளும் 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கு ஒரு துறைமுக நகரம் இருந்ததை உறுதிப்படுத்தின.

கட்டுமானத்துக்கு முன் நிலத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? முதல் வேலை பழைய ஆவணங்களைப் புரட்டுவது. 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் இங்கே ஒரு பழைய மண்மதிலைப் பார்த்து எழுதிவைத்தார். அது இன்றைய ஸ்டாம்ஃபோர்ட் சாலையை ஒட்டி ஓடியது. கடல், ஆறு, குன்று, அந்த மதில் இவற்றுக்கு நடுவே பழைய நகரம் என்று வரைபடத்திலேயே குறித்துவிடலாம். அடுத்து, சிறு சோதனைக் குழிகள். மேலே நிரப்பு மண். அதன் கீழே 19ஆம் நூற்றாண்டுச் செங்கல்லும் கண்ணாடியும். அதற்கும் கீழே 14ஆம் நூற்றாண்டு. அடுக்கு அடுக்காக எடுத்துச் சலித்து, எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்று பதிவு செய்வார்கள். அடுக்கு கலைந்துவிட்டால் பொருள் கையில் இருந்தும் காலம் போய்விடும்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலய வளாகத்தில் புதிய கட்டுமானத்துக்கு முன் 2003-04இல் இப்படித்தான் தோண்டினார்கள். இந்தியக் கைதிகள் உழைத்துக் கட்டிய தேவாலயம் அது. அதன் வளாகத்து மண்ணில் பழைய துறைமுகத்தின் எச்சங்கள் கிடைத்தன. 2015இல் எம்பிரஸ் பிளேஸில் நடந்த அகழாய்வில் டன் கணக்கில் பொருள்கள் கிடைத்தன.

தோண்டும் முன் நிலத்தில் உள்ள வரலாற்றைப் பார்த்தார்களா என்ற கேள்வி தமிழகத்திலும் எழுந்தது. மதுரை அரிட்டாபட்டி மலையில் சமணப் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ளன. அங்கே டங்ஸ்டன் கனிமம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்கள். 2024 நவம்பரில் அப்பகுதியின் சுரங்க உரிமை ஏலம் போனது. ஊர்மக்கள் திரண்டு போராடிய பிறகே 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கனிமத்தைத் தேடும் நாளிலேயே கல்வெட்டையும் கணக்கில் எடுத்திருந்தால் அந்தப் போராட்டத்துக்கே தேவை இருந்திருக்காது.

நம் சிராங்கூன் சாலை பழைய மதிலுக்கு வெளியே உள்ளது. அதனால் அங்கே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் மாட்டுக் கொட்டகைகளும் இருந்த இடம் அது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலை அந்நாளில் 'சுண்ணாம்புக் கம்பம் கோயில்' என்றே அழைத்தார்கள். அங்கு உழைத்தவர்கள் நாட்குறிப்பு எழுதும் நிலையில் இருக்கவில்லை. அவர்கள் சமைத்த சட்டியும் சுட்ட செங்கல்லும்தான் அவர்களுக்காகப் பேச முடியும்.

பெரிய கட்டடம் எழுப்பும் முன் மண்ணின் தாங்குதிறனை அறியத் துளைபோட்டுப் பார்க்காத பொறியாளர் இல்லை. அதே கட்டத்தில் தொல்லியலாளரும் நிலத்தைப் பார்க்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், வேலை தொடரும். பழைய நகரத்தின் எல்லைக்குள் மட்டுமல்ல, சிராங்கூன் சாலையின் தேக்கா வட்டாரத்திலும் இது வழக்கமாக வேண்டும். உங்கள் வட்டாரத்தில் பள்ளம் தோண்டும்போது பழைய ஓடோ செங்கல்லோ கண்ணில் பட்டால் எடுத்துச் செல்லாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

(தொடரும்)