ரிக்கார்டோ மொன்டல்பான் அரங்கம்

ஹாலிவுட்டின் வைன் தெருவில் உள்ள பழைய நாடக அரங்கம் ஒன்று, 2004 முதல் நடிகர் ரிக்கார்டோ மொன்டல்பான் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1920-இல் மெக்சிகோ நகரில் பிறந்தவர். 'ஃபேன்டசி ஐலண்ட்' தொலைக்காட்சித் தொடரில் வெள்ளை சூட் அணிந்து விருந்தினரை வரவேற்பாரே, அவர்தான்!

அன்றைய ஹாலிவுட் படங்களில் மெக்சிகோக்காரர் என்றால் பெரும்பாலும் கொள்ளைக்காரர், இல்லையேல் வேலைக்காரர். அந்த வேடங்களும் பல சமயம் முகத்தில் சாயம் பூசிய வெள்ளை நடிகர்களுக்கே போயின. இதை மாற்ற, மொன்டல்பான் 1970-இல் 'நோசோட்ரோஸ்' என்ற அமைப்பைச் சக கலைஞர்களோடு தொடங்கினார். அதன்பின் தனக்கு வாய்ப்புகள் குறைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் பின்வாங்கவில்லை. நடிப்பில் பெற்ற எம்மி விருதைவிட இந்தத் துணிவே பெரிது. திரை நடிகர் சங்கமும் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்துச் சிறப்பித்தது.