மோட்டார் சைக்கிள் எந்திரம் ஓட்டத்தில் நிற்றல்

ஓடும் மோட்டார் சைக்கிளின் எந்திரம் நிற்பதற்கு எரிபொருள், தீப்பொறி, காற்று ஆகிய மூன்றில் ஒன்று தடைபடுவதே பெரும்பாலும் காரணமாகும். திணறி நின்றால் எரிபொருளையும், சட்டென நின்றால் மின்னிணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் திறப்பை 'ரிசர்வ்' நிலைக்குத் திருப்பிப் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 1இல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் வெளியான வண்டிகளில் பெரும்பாலும் மின்னணு எரிபொருள் தெளிப்பு உள்ளதால், எச்சரிக்கை விளக்கையும் கவனிக்க வேண்டும். கோட்டைக்குப்பம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்கக்கூடும்; அங்கு ஸ்பார்க் பிளக் மூடியின் உட்புறத்தையும் பார்ப்பது நன்று.

எண்ணெய் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் இறுகுவதே மிக ஆபத்தானது. பின்சக்கரம் சுழலாமல் வண்டி சறுக்கும். உடனே கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விடுபடும். பின்னர் இடப்புறம் ஒதுங்கலாம். எந்திரம் ஆறி, எண்ணெய் அளவு சரிபார்க்கப்படும்வரை அதை மீண்டும் இயக்கலாகாது.