கல்லூரிக் காப்பீடா, குடும்பக் காப்பீடா?

அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. இத்தகைய கல்லூரிகள் தாங்களே ஒரு காப்பீட்டுத் திட்டத்தை ஏற்பாடு செய்து, அதன் பிரீமியத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்துவிடும். பெற்றோரின் காப்பீட்டில் இருக்கும் மாணவர் அதற்கான சான்றைக் காட்டி விலக்குப் பெறலாம். இந்த விலக்குக்கு 'வெய்வர்' என்று பெயர். பொதுவாக ஆண்டுதோறும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதி தவறினால் அந்தப் பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகள் 26 வயது வரை நீடிக்க, 2010-இல் நிறைவேறிய மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் வழி செய்தது. பிள்ளை மணமானவரா, தனியாக வசிக்கிறாரா, சம்பாதிக்கிறாரா என்பதெல்லாம் இதற்குத் தடையில்லை. பெற்றோர் வேலை பார்க்கும் நிறுவனங்கள் பலவற்றில், ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் பிரீமியம் ஒன்றுதான். தம்பி, தங்கை அதே திட்டத்தில் இருக்கும்போது, கல்லூரிக்குப் போனவரை மட்டும் நீக்குவதால் செலவு குறையாமலும் போகலாம்.

ஆனால் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. முதலில் பார்க்க வேண்டியது, கல்லூரி இருக்கும் ஊரில் அந்தக் காப்பீடு செல்லுமா என்பதே. ஒவ்வொரு காப்பீட்டுக்கும் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவர்களும் மருத்துவமனைகளும் உண்டு, இதுவே 'நெட்வொர்க்'. நெட்வொர்க்குக்குள்ளேயே சிகிச்சை பெற வேண்டிய எச்.எம்.ஓ. வகைத் திட்டங்களில், வெளியூரில் பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். கலிபோர்னியாவில் எச்.எம்.ஓ. வைத்திருக்கும் குடும்பத்தின் மகள் பாஸ்டனில் படித்தால், எலும்பு முறிவுக்கு அவசரப் பிரிவில் கட்டுப் போட்டுக்கொள்ளலாம்; அதன்பின் வாரந்தோறும் செய்ய வேண்டிய பிசியோதெரபிக்குக் கையிலிருந்து கட்ட நேரிடும். ஏழைக் குடும்பங்களுக்கான அரசுத் திட்டமான மெடிகெய்டும் மாநில எல்லையைத் தாண்டினால் இப்படித்தான்.

அடுத்தது, நோய் வந்தால் ஆகும் மொத்தச் செலவு. காப்பீடு தன் பங்கைத் தரத் தொடங்குமுன் நோயாளி கட்ட வேண்டிய தொகை 'டிடக்டிபிள்'. அதற்கு மேலான செலவிலும் குறிப்பிட்ட சதவீதம் அவர் பொறுப்பு. ஓராண்டுக்கு இதற்கெல்லாம் உச்சவரம்பு உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: அறுவை சிகிச்சைச் செலவு 20,000 டாலர். குடும்பத் திட்டத்தில் டிடக்டிபிள் 3,000, மீதியில் 20 சதவீதம், உச்சவரம்பு 6,000 என்றால், கணக்கு 6,400 வரை போனாலும் கட்ட வேண்டியது 6,000. கல்லூரித் திட்டத்தில் டிடக்டிபிள் 500, மீதியில் 10 சதவீதம் என்றால் 2,450. பிரீமியம் 3,000 சேர்த்தால் 5,450. அந்த ஆண்டில் நோயே வராவிட்டால் குடும்பத் திட்டத்தால் 3,000 டாலர் மிச்சம்.

ஆண்டுக்கணக்கும் வேறுபடும். கல்லூரித் திட்டங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும். நிறுவனத் திட்டங்கள் பலவும் ஜனவரியில். அவற்றில், இலையுதிர் பருவத்தில் கட்டிய டிடக்டிபிள் ஜனவரி பிறந்ததும் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குடும்பத் திட்டத்தில் சிகிச்சை விவரச் சீட்டு பெரும்பாலும் பெற்றோரின் முகவரிக்கே போகும் என்பதும் முக்கியம். மனநல சிகிச்சை தேவைப்படும் மாணவர் அதற்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. தகவலைத் தனக்கே அனுப்பும்படி காப்பீட்டு நிறுவனத்திடம் கோரலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கு அமெரிக்கக் குடும்பக் காப்பீடு பெரும்பாலும் இருக்காது. அவர் கல்லூரித் திட்டத்தையோ, கல்லூரி ஏற்கும் வேறு திட்டத்தையோ எடுக்க வேண்டும். பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போகிறவருக்கு, ஒவ்வொரு விபத்துக்கும் நோய்க்கும் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு சட்டப்படி தேவை.

வீட்டிலிருந்து போய்வரும், உடல்நலமுள்ள மாணவருக்குக் குடும்பக் காப்பீடே போதும். தொலைவில் படிப்பவருக்கும், ஆஸ்துமா, சர்க்கரை நோய் போன்றவற்றுக்குத் தொடர் சிகிச்சை பெறுபவருக்கும் கல்லூரித் திட்டம் பெரும்பாலும் பொருந்தும். வெய்வர் படிவத்தில் கையெழுத்திடுமுன், கல்லூரி அருகிலுள்ள மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.