மாவில் நடந்த ஆமை

ஆக்ஸ்ஃபோர்டில் இரவு இரண்டு மணி. புவியியலாளர் வில்லியம் பக்லேண்ட் திடுக்கிட்டு எழுந்து பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பினார். கல்லில் பதிந்த அந்தக் காலடித் தடங்கள் ஆமையுடையவை என்று இப்போதுதான் தோன்றுகிறது என்றார். மேரி பக்லேண்ட் புரண்டு படுக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவில்லை. இருவரும் கீழே இறங்கினார்கள். மேரி சமையலறை மேசையில் மாவு பிசைந்து பரப்பினார். வில்லியம் தோட்டத்துக்குப் போய், வீட்டில் வளர்த்த ஆமையைத் தூக்கிவந்து மாவின் மேல் விட்டார். ஆமை நடந்த தடத்தைக் கல்லில் இருந்த தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

நடுராத்திரி, தூக்கக் கலக்கம் என்ற விவரங்கள் அந்தக் குடும்பத்தார் சொல்லி வந்தவை. மாவில் ஆமை நடந்தது பதிவான வரலாறு. ஸ்காட்லாந்தின் மணற்கல்லில் கிடைத்த தடங்களை விளங்கிக்கொள்ள, 1828 வாக்கில் பக்லேண்ட் ஆமைகளை மாவிலும் ஈர மணலிலும் களிமண்ணிலும் நடக்கவிட்டுப் பார்த்தார்.

பக்லேண்ட் சாதாரணக் கிறுக்கர் இல்லை. அறிவியல் முறைப்படி பெயர் சூட்டப்பட்ட முதல் டைனோசரான மெகலோசாரஸை 1824ல் உலகுக்கு அறிவித்தவர் அவர்தான். கல்லாகிப்போன விலங்குச் சாணத்தை வரிசையாகப் பதித்து ஒரு மேசையே செய்து வைத்திருந்தார். எந்த விலங்கின் இறைச்சி என்றாலும் ருசி பார்த்தே தீருவது என்று ஒரு கொள்கையும் அவருக்கு இருந்தது. இப்படிப்பட்ட மனிதரை ஒரு பெண் எப்படிக் கட்டிக்கொண்டார் என்று கேட்கத் தோன்றும். மெகலோசாரஸ் கட்டுரையில் உள்ள எலும்புப் படங்களை வரைந்தவர் யார் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மேரி மோர்லண்ட் என்ற அந்த ஓவியர்தான் 1825 டிசம்பர் 31 அன்று மேரி பக்லேண்ட் ஆனார். தேனிலவு என்று கிளம்பி, ஏறத்தாழ ஓராண்டு ஐரோப்பா முழுக்கப் புவியியலாளர்களையும் புதைபடிவங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அதன் பிறகு உடைந்த எலும்புகளை ஒட்டியதும் படம் வரைந்ததும் மேரிதான். 1836ல் வெளியான பக்லேண்டின் பெரிய புவியியல் நூலை, அவர் சொல்லச் சொல்ல இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியதும் மேரிதான். சில நாட்களில் பொழுது விடிந்து வெயில் உள்ளே வரும்வரை அந்த வேலை நடந்தது என்று மகன் ஃபிராங்க் நினைவுகூர்ந்திருக்கிறார்.

துணையின் இத்தகைய ஈடுபாட்டைப் பற்றிப் பேசும்போது பொதுவாகப் பொறுமைதான் புகழப்படும். 'எவ்வளவு சகித்துக்கொண்டாள்' என்று அவளுக்குப் பாராட்டு கிடைக்கும். அந்தச் சமையலறையில் நடந்ததைச் சகிப்பு என்று சொல்ல முடியாது. மாவைப் பிசைந்த கைக்கும் அந்தத் தடம் பொருந்துமா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

நம் ஊர்களிலும் இப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாத தெரு குறைவு. மீட்டர் கேஜ் காலத்து ரயில் எஞ்சின் எண்களை ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டின் இடையிசையில் எந்த நொடியில் வயலின் ஓய்ந்து புல்லாங்குழல் எழும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்க வங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிறானால் கும்பகோணத்தைச் சுற்றிக் கோயில் கோயிலாகக் கல்வெட்டுப் படிக்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை. சாப்பிடும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் காதில் விழுந்து விழுந்தே அந்தத் துணைக்குப் பாதி தெரிந்துவிடும். ஒருநாள் ஏதோ ஒரு பிரகாரத்தில், "இது குலோத்துங்கன் காலமா இருக்குமோங்க?" என்று அவள் கேட்பாள். பதில் சொல்லும் முன் அந்த மனிதரின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். விடை தவறாக இருந்தாலும் அந்த மலர்ச்சி குறையாது.

பறவையியலாளர் சாலிம் அலிக்கு அப்படியொரு துணை வாய்த்தது. அவரும் தெஹ்மினாவும் 1918 டிசம்பரில் மணந்தார்கள். தெஹ்மினா இங்கிலாந்தில் படித்தவர், வசதியாக வளர்ந்தவர். கணவருக்கு மும்பை அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. பறவை ஆய்வு முறைகளைக் கற்க விடுப்பில் ஜெர்மனி போய் 1930ல் திரும்பிய போது அந்த வேலை இல்லாமல் போயிருந்தது. இருவரும் கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலை தேட வேண்டிய அந்த மாதங்களில் சாலிம் அலி ஏணியில் ஏறி உட்கார்ந்து தூக்கணாங்குருவிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்டது இதுதான். ஆண் குருவி கூட்டைப் பாதி வரைதான் பின்னும். பெண் குருவிகள் வந்து அந்தப் பாதிக் கூட்டைச் சோதித்துப் பார்க்கும். ஒரு பெண்ணுக்குக் கூடு பிடித்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். ஆண் மிச்சத்தைப் பின்னி முடித்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்க்கும். நம் ஊர்ப் பனைமரங்களில் தொங்கும் கூடுகளுக்குள் இப்படியொரு குடும்பக் கதை இருப்பதை அறிவியல் தெளிவாக அறிந்தது அந்த ஆய்வில்தான். வருமானம் நின்றுபோன ஒரு வீட்டில் இந்தக் கண்டுபிடிப்பு நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார்.

பிறகு சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி வந்தது. ஐதராபாத்திலும், 1933ல் திருவிதாங்கூர்–கொச்சியிலும் தெஹ்மினா உடன் போனார். மறையூர், தட்டேக்காடு, பரம்பிக்குளம் என்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடங்கள் அந்தப் பயணத்தில் வருகின்றன. காட்டு முகாம் வாழ்க்கையைத் தெஹ்மினா விரும்பியே ஏற்றுக்கொண்டார். இன்னொரு உதவியையும் செய்தார். நல்ல ஆங்கிலத்தை இனங்காணும் அவருடைய காது, கணவரின் எழுத்தைச் செம்மைப்படுத்தியது. 1939ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். சாலிம் அலி நொறுங்கிப்போனார். இந்தியாவில் எத்தனையோ பேரைப் பறவை பார்க்க வைத்த அவருடைய கையேடு 1941ல் வெளியானது. அந்தப் புத்தகத்தின் தெளிந்த, விறைப்பில்லாத நடையில் தெஹ்மினாவுக்கும் பங்கு உண்டு என்றே கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் கிறுக்கு கணவருடையது, உழைப்பு மனைவியுடையது. இதைத் தொடாமல் கடந்துபோவது நியாயமாகாது. மனைவியின் கையை நம்பி வாழ்ந்த இதே பக்லேண்ட்தான், 1832ல் ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியல் சங்கக் கூட்டம் கூடவிருந்தபோது, கட்டுரை வாசிக்கும் அமர்வுகளுக்குப் பெண்கள் வரக் கூடாது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் வேறொரு பெண்ணின் பெயரும் வருகிறது: மேரி சோமர்வில்.

ஸ்காட்லாந்தில் 1780ல் பிறந்த மேரி சோமர்வில்லுக்கு அல்ஜீப்ரா அறிமுகமானது ஒரு பெண்கள் பத்திரிகையின் புதிர்ப் பக்கத்தில். தம்பிக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியர் மூலம் யூக்ளிட்டின் புத்தகம் கைக்கு வந்தது. இரவில் படிக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேரி கணக்குகளை இருட்டில் மனத்துக்குள்ளேயே போட்டார். 1804ல் மணந்த முதல் கணவர் சாமுவேல் கிரெய்க், பெண்களின் படிப்பைப் பற்றி நல்ல எண்ணம் இல்லாதவர். மூன்றே ஆண்டுகளில் அவர் இறந்தார். 1812ல் மேரி தன் உறவினரான மருத்துவர் வில்லியம் சோமர்வில்லை மணந்தார். திருமணத்துக்கு முன்பே வில்லியமின் சகோதரி ஒருவர், இந்த அசட்டுப் படிப்பையெல்லாம் விட்டுவிட்டு அடக்கமான, பயனுள்ள மனைவியாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று மேரிக்குக் கடிதம் எழுதினார்.

வில்லியமுக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. மனைவிக்கு வேண்டிய புத்தகங்களை நூலகங்களில் தேடி எடுத்துவந்தார். கையெழுத்துப் பிரதிகளைத் தன் கையால் படி எடுத்துக் கொடுத்தார். ராயல் சொசைட்டியில் பெண்கள் உறுப்பினராக முடியாத காலம் அது. 1826ல் மேரியின் ஆய்வுக் கட்டுரையை அங்கே முன்வைத்தது வில்லியம்தான். லாப்லாஸின் வானியல் கணிதத்தை ஆங்கிலத்தில் விளக்கும் மேரியின் நூல் 1831ல் வந்தபோது, அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் பிரிட்டனில் சிலரே இருந்தார்கள். அந்தச் சிலரில் வில்லியமைச் சேர்க்க முடியாது. அவருக்கு அந்த உயரத்துக் கணிதம் எட்டாது. எட்டாத ஒன்றைத் துணை தொடுவதில் மகிழ்ச்சி கொள்ள அவரால் முடிந்தது. ஒரே பெண், ஒரே கணக்கு, ஒரே மூளை. இரண்டு வீடுகளில் அதற்கு நேர்ந்தது இரண்டு விதம். இந்தக் கட்டுரையில் வரும் ஆண்களில் மிகுந்த மரியாதைக்குரியவர் வில்லியம் சோமர்வில்தான்.

ஒருவரின் பித்தைத் துணையும் பழகிக்கொண்ட வீடு ஒன்றும் உண்டு. நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவும் வேராவும் 1925 ஏப்ரலில் பெர்லினில் மணந்தார்கள். இருவரும் ரஷ்யப் புரட்சிக்குப் பின் வீடு வாசலை இழந்து வந்தவர்கள். கையில் காசு நிற்காது. ஒரு நாவலின் ஜெர்மன் உரிமைக்குப் பணம் வந்ததும், 1929ன் தொடக்கத்தில், பிரான்சின் தென்கோடியில் பிரனீஸ் மலையடிவாரத்துக்கு வண்ணத்துப்பூச்சி பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். நபகோவுக்கு அது சிறுவயதிலிருந்தே உள்ள பித்து. வேரா அதைப் பழகிக்கொண்டார். எந்த அளவுக்குப் பழகினார் என்பது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் தெரிந்தது.

1941 ஜூனில் டோரதி லூதோல்ட் என்ற மாணவி அவர்களைத் தன் காரில் கலிஃபோர்னியாவுக்கு அழைத்துப்போனார். வழியில் கிராண்ட் கேன்யன். நல்ல குளிர். நபகோவ் வலையோடு, டோரதியுடன் பள்ளத்தாக்கின் சேறு படிந்த பாதையில் இறங்கினார். டோரதியின் காலடியில் கிளம்பிப் பறந்தது பழுப்பு நிறப் பூச்சி ஒன்று. அறிவியல் அதுவரை அறியாத இனம் என்று நபகோவ் கண்டுகொண்டார். இரண்டைப் பிடித்துக்கொண்டு வெற்றிக் களிப்போடு மேலே ஏறி வந்தார். மகனோடு காருக்குப் பக்கத்தில் இருந்த வேராவும் அதே இனத்தில் இரண்டைப் பிடித்து வைத்திருந்தார், ஒரு படி கூடக் கீழே இறங்காமல். அந்த இனத்துக்கு நபகோவ் டோரதியின் பெயரை வைத்தார். வண்டி ஓட்டியவருக்கு அது நியாயமான நன்றிதான். ஆனாலும் படிக்கிற நமக்கு வேராவின் பக்கம் மனம் சாயத்தான் செய்கிறது.

பின்னாளில் வண்டி ஓட்டும் வேலையும் வேராவுக்கே வந்தது. நபகோவ் கடைசிவரை கார் ஓட்டக் கற்கவில்லை. கோடை விடுமுறை வந்தால் வேரா ஸ்டியரிங்கைப் பிடிப்பார், மேற்கு மலைகளை நோக்கிக் கார் கிளம்பும். 'லோலிடா' நாவலின் பகுதிகள் அந்தப் பயணங்களில் எழுதப்பட்டவை. அந்தக் கையெழுத்துப் பிரதியை நபகோவ் எரிக்கப் போனபோது வேரா தடுத்தது இலக்கிய உலகில் எல்லோருக்கும் தெரியும். அவர் ஓட்டிய ஆயிரக்கணக்கான மைல்களுக்கும் அதே அளவு புகழ் கிடைக்க வேண்டும்.

1940களில் ஹார்வர்டின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நபகோவ் நுண்ணோக்கியே கதியென்று இருந்தார். 1945ல் எழுதிய கட்டுரையில், தென் அமெரிக்காவின் நீல வண்ணத்துப்பூச்சிகள் ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக ஐந்து அலைகளாக வந்தவை என்று ஊகித்தார். பெரிய வல்லுநர்கள் அவரைப் பொழுதுபோக்காளர் என்றே எண்ணினார்கள். 2011ல் மரபணு ஆய்வு அந்த ஊகம் சரி என்று காட்டியது. அதற்குள் நபகோவ் 1977லும் வேரா 1991லும் காலமாகிவிட்டிருந்தார்கள்.

நுண்ணோக்கியில் இறக்கைச் செதில் வரிசைகளை எண்ணி எண்ணிப் பார்த்த அந்தக் கறாரான மனிதர், தன் புத்தகங்களை வேராவுக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் வண்ணப் பென்சிலால் வண்ணத்துப்பூச்சிகளை வரைந்து கொடுப்பார். அவற்றில் பல உலகில் எங்குமே இல்லாத இனங்கள். இறக்கையின் புள்ளிகளையும் நிறங்களையும் அவரே கற்பனை செய்து, வேராவின் பெயரிலிருந்தே லத்தீன் பெயர்களும் உருவாக்கினார். நிஜ இனங்களை நன்றாக அறிந்த ஒருவருக்குத்தான் இந்தப் பரிசின் குறும்பு முழுதாகப் புரியும். கிராண்ட் கேன்யனில் காருக்குப் பக்கத்தில் நின்றபடியே புது இனத்தைப் பிடித்தவர் அதை ஒரு பார்வையில் கண்டுகொண்டிருப்பார். நபகோவின் ஆய்வைத் தொடர்ந்த வல்லுநர்கள் 1990களில் தென் அமெரிக்காவின் ஒரு நிஜ நீல வண்ணத்துப்பூச்சிக்கு 'சூடோலூசியா வேரா' என்று பெயர் வைத்தார்கள்.